கிரவுன் பினியனுக்கு எவ்வளவு குளிர் தேவை?

லாரியின் பின் அச்சில், டிஃபரென்ஷியல் ஹவுசிங்குக்குள் எண்ணெயில் கிடக்கும் கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரமும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரமும் படும் பாடு சொல்லி மாளாது. எஞ்சினின் இழுவை முழுவதும் கியர்பாக்ஸைத் தாண்டி வந்து, அந்தச் சின்னப் பினியனின் ஓரிரு பற்கள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பாரம் ஏற்றிய வண்டி மலையேறும்போது பல் வளைகிறது. கிளட்சை வெடுக்கென்று விட்டால் பல்லின் மேல் அடி விழுகிறது. நாள் முழுக்க ஓடும்போது பல்லோடு பல் வழுக்கித் தேய்கிறது. இதெல்லாம் லட்சக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நடப்பதால், எங்கோ ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் தொடங்கி மெல்ல வளர்கிறது. ஏதாவது ஒன்று போய்விட்டால் கிரவுனையும் பினியனையும் சேர்த்து செட்டாகத்தான் மாற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றோடொன்று தேய்த்து ஜோடி சேர்த்திருப்பதால் புதுசோடு பழசு ஒட்டாது.

ஆக, இந்த உறுப்புக்கு ஒரே ஒரு சாவு இல்லை. தேய்ந்தும் சாகலாம், அடிபட்டு உடைந்தும் சாகலாம், உலோகம் அயர்ந்தும் சாகலாம். பட்டறையில் 'ஃபெடீக்' என்பார்களே, அந்த அயர்வு. கடுங்குளிர் கொடுத்தால் கியர் எஃகு இவற்றைத் தாங்குமா என்று பார்த்த ஓர் ஆய்வைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அது முழுக்க இந்தச் சாவுகளைத்தான் சுற்றி வருகிறது.

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில், அதாவது அண்ணா பல்கலைக்கழகத்தில், மோகன்லால், பென்ஸ்லி உள்ளிட்டோர் அடங்கிய குழு ஒன்று 2000-களில் இந்தக் கியர் எஃகைக் கையில் எடுத்தது. குளிர்பதனத் துறைக்காரர்கள் எஃகை ஆராய வந்தது கொஞ்சம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் திரவ நைட்ரஜனோடு புழங்கிப் பழகியவர்கள் அவர்கள்தானே. எஃகின் பெயர் ஈஎன் 353. பிரிட்டிஷ் தரப் புத்தகத்தில் 815எம்17 என்று இருக்கும். கார்பன் 0.17 சதவீதம் அளவில்தான். கூடவே நிக்கல், குரோமியம், துளி மாலிப்டினம். அவர்கள் கேட்ட கேள்வி எளிமையானது. வழக்கமான ஹீட் ட்ரீட்மென்ட்டோடு கடுங்குளிரையும் சேர்த்தால் என்ன ஆகும்? வந்த பதில்தான் அவ்வளவு எளிமையாக இல்லை.

பந்தியில் இடம் கிடைக்காதவர்கள்

கார்பன் குறைந்த எஃகைக் கியருக்கு எடுப்பதற்குக் காரணம் உண்டு. பல்லின் உள்பகுதி அடி தாங்க வேண்டும், மேல்தோல் மட்டும் கடினமாக இருக்க வேண்டும். அதனால் சுமார் 900 டிகிரி செல்சியஸில், கார்பன் நிறைந்த சூழலில் மணிக்கணக்கில் வைத்துத் தோலுக்குள் மட்டும் கார்பனை ஊற வைக்கிறார்கள். இதுதான் கேஸ் கார்பரைசிங். தோலில் கார்பன் 0.8 சதவீதத்தை ஒட்டி ஏறிவிடும், உள்ளே பழைய 0.17-தான். அப்புறம் மறுபடி சூடாக்கி எண்ணெயில் முக்கிச் சட்டென்று குளிர்விக்கிறார்கள். இதுதான் குவென்ச்.

குவென்ச் செய்யும்போது நடப்பதைப் புரிந்துகொண்டால் மீதிக் கதை சுலபம். சூட்டில் இருக்கும்போது எஃகின் படிக அமைப்பு ஆஸ்டெனைட். அது மென்மையானது, கார்பனை நிறையக் கரைத்து வைத்துக்கொள்ளும். சட்டென்று குளிர்ந்தால் கார்பனுக்கு வெளியேற நேரம் கிடைக்காமல், அணுக்கள் இழுபட்டு நெரிந்து மார்ட்டென்சைட் ஆகின்றன. கடினம் அங்கிருந்துதான் வருகிறது. இந்த மாற்றத்துக்குத் தொடக்க வெப்பநிலை ஒன்று, முடிவு வெப்பநிலை ஒன்று என்று இரண்டு எல்லைகள் உண்டு. இடையில் காத்திருப்பதால் பெரிய பயன் இல்லை. வெப்பநிலை இறங்க இறங்கத்தான் மாற்றம் முன்னேறும். கார்பன் ஏற ஏற இரண்டு எல்லைகளும் கீழே போகின்றன. கார்பன் ஏற்றிய தோலில் முடிவு எல்லை நம் அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடுகிறது.

எண்ணெய்த் தொட்டியோ 40, 50 டிகிரியில் நிற்கிறது. பந்தி பாதியில் முடிந்து கதவைச் சாத்திய மாதிரிதான். இலை கிடைக்காத கொஞ்சம் ஆஸ்டெனைட் அப்படியே நின்றுவிடுகிறது. எஞ்சிய ஆஸ்டெனைட் என்பது இதைத்தான். மென்மையானது, நிலையற்றது, பின்னால் வண்டி ஓடும்போது பளு விழுந்தால் திடீரென்று மார்ட்டென்சைட்டாக மாறி அளவையும் மாற்றக்கூடியது. மாறும்போது பருமன் கூடும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குளிர்ச் சிகிச்சை என்பது அடிப்படையில் அடுத்த பந்தி. அறை வெப்பநிலையோடு நிறுத்தாமல் பூஜ்யத்துக்குக் கீழே கொண்டுபோனால் நின்றவர்களில் பலருக்கு இடம் கிடைக்கும். கேள்வி, எவ்வளவு கீழே?

மூன்று கூட்டம்

கிண்டிக் குழு மாதிரிகளை மூன்றாகப் பிரித்தது. முதல் கூட்டத்துக்கு வழக்கமான ஹீட் ட்ரீட்மென்ட் மட்டும்: கார்பரைசிங், குவென்ச், 150 டிகிரியில் டெம்பர், அதாவது மிதமாகச் சூடாக்கி நெரிசலைத் தளர்த்துவது. இரண்டாவது கூட்டத்தை, குவென்ச்சுக்கும் டெம்பருக்கும் நடுவே மைனஸ் 80 டிகிரியில் 5 மணி நேரம் வைத்தார்கள். இதை மேலோட்டக் குளிர் என்று சொல்லலாம். உலர் பனிக்கட்டியோ நல்ல ஃப்ரீசரோ இருந்தாலே எட்டிவிடக்கூடிய வெப்பநிலை. மூன்றாவது கூட்டம் திரவ நைட்ரஜனின் கொதிநிலையான மைனஸ் 196 டிகிரியில் 24 மணி நேரம். இது ஆழ்குளிர்.

டெம்பருக்கு முன்னால் குளிர் என்ற வரிசை தற்செயலாக வந்ததில்லை. அதே பல்கலைக்கழகத்தில் மோகன்லால், ரங்கநாராயணன், கலாநிதி மூவரும் டி1 (T1), எம்2 (M2), டி3 (D3) கருவி எஃகுகளில் செய்து 2001-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. குளிர் கொடுத்தால் கருவி ஆயுள் கிட்டத்தட்ட 110 சதவீதம் கூடுகிறது, டைட்டானியம் நைட்ரைடு பூச்சைக்கூட மிஞ்சுகிறது என்றது அது. அதைவிட எனக்குப் பிடித்தது அதிலிருக்கும் சின்ன எண்கள். டெம்பர் செய்யாமல் குளிருக்குள் போன துண்டுகள், டெம்பர் ஆன பிறகு போனவற்றைவிட டி1-இல் 3 சதவீதமும் எம்2-இல் 10 சதவீதமும் டி3-இல் 10.6 சதவீதமும் கூடுதலாக உழைத்தன. டெம்பர் செய்துவிட்டு மைனஸ் 140 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தபோது பலன் எதிர்மறையாகவே போனது. அதே துண்டுகளை மைனஸ் 180-க்குக் கொண்டுபோனபோது நல்ல பலன். எல்லாம் முடித்து டெம்பரும் போட்டுப் பெட்டியில் அடுக்கிய சரக்கை 'சும்மா ஒரு தடவை நைட்ரஜன்ல போட்டு எடுங்க' என்று அனுப்புகிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கலாம்.

372

தேய்மான முடிவு 2005-இல் வந்தது. எஃகு முள்ளைச் சுழலும் தட்டின்மேல் பளு வைத்து அழுத்தி, எவ்வளவு கரைகிறது என்று பார்க்கும் பின்-ஆன்-டிஸ்க் சோதனை. வழக்கமான கூட்டத்தோடு ஒப்பிட்டால் மேலோட்டக் குளிரில் தேய்மான எதிர்ப்பு 85 சதவீதம் கூடியிருந்தது. ஆழ்குளிரில் 372 சதவீதம்.

இந்த 372-ஐ மட்டும் பிய்த்தெடுத்து விளம்பரத்தில் போட்டால் யாருக்கும் ஆசை வரும். எதிர்ப்பு 372 சதவீதம் கூடியது என்றால் 4.72 மடங்கு ஆனது என்று பொருள். அதையே தேய்மானமாகத் திருப்பிப் போட்டால், முன்பு 100 கரைந்த இடத்தில் இப்போது 21 கரைகிறது. 85 சதவீதக் கூட்டத்தில் 54 கரைகிறது. சதவீதத்தில் பார்க்கும்போது இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம் தெரிகிறது. கரைந்த பொருளை வைத்துப் பார்த்தால், முதல் 46 பங்கை ஃப்ரீசரே காப்பாற்றிவிட்டது, அடுத்த 33 பங்குக்குத்தான் நைட்ரஜன் தேவைப்பட்டிருக்கிறது.

சரி, இந்தப் பலன் எங்கிருந்து வந்தது? எஞ்சிய ஆஸ்டெனைட் குறைந்ததால் என்பது முதலில் தோன்றும் பதில். அவர்களே அளந்திருக்கிறார்கள்: வழக்கமான கூட்டத்தில் 28 சதவீதம், மேலோட்டக் குளிரில் 22, ஆழ்குளிரில் 14. குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் மைனஸ் 196 வரை போய் ஒரு நாள் முழுக்க இருந்தும் 14 சதவீதம் மிச்சம் நிற்கிறது. பாதி ஆஸ்டெனைட் போனதற்குத் தேய்மானம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைவது கணக்குக்கு இடிக்கிறது. வேறொன்றும் நடந்திருக்க வேண்டும்.

அது கார்பைடு, கார்பனும் உலோகமும் சேர்ந்த கடினமான துகள். 1994-இல் ஜப்பானில் மெங்கும் கூட்டாளிகளும் டி2 (D2) எஃகை ஒத்த 12 சதவீதக் குரோமியம் எஃகில், குளிருக்குப் பிறகு மிக நுண்ணிய ஈட்டா கார்பைடுத் துகள்கள் படிந்திருப்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் காட்டினார்கள். அந்தக் கார்பைடின் வகை பற்றி எல்லா ஆய்வாளர்களும் ஒத்துப்போகவில்லை. ஆனால் ஹௌரா பக்கம் ஷிப்பூரில், தாஸ், தத்தா, ராய் ஆகியோர் டி2 எஃகில் செய்த வேலை சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்டியது. நம் டூல்ரூம்களில் எச்சிஎச்சிஆர் (HCHCr) என்று அழைக்கும் குடும்பத்து எஃகு அது. மைனஸ் 75, மைனஸ் 125, மைனஸ் 196 என்று மூன்று ஆழத்தில் குளிர் கொடுத்தார்கள். மைனஸ் 75-லேயே எஞ்சிய ஆஸ்டெனைட் பெரும்பாலும் போய்விட்டது. எல்லாம் ஆஸ்டெனைட்டின் செயல் என்றால் அதற்குக் கீழே போவதில் பெரிய லாபம் இருக்கக் கூடாது. இருந்தது. ஆழம் கூடக் கூடத் தேய்மானம் மேலும் குறைந்தது. துணைக் கார்பைடுகள் சின்னதாக, எண்ணிக்கையில் நிறைய, சீராகப் பரவிப் படிந்திருந்தன. மைனஸ் 196-இல் எத்தனை மணி நேரம் என்றும் தேடிப் பார்த்தார்கள். 36 மணி நேரத்தில் உச்சம். அதற்கு மேல் ஊறவைத்ததில் நைட்ரஜன் செலவுதான் மிச்சம்.

இரும்பை உறைய வைத்தால் அணுக்கள் எப்படி நகரும், கார்பைடு எப்படிப் படியும் என்று கேட்பது நியாயம். மைனஸ் 196-இல் கார்பன் அணு நடைமுறையில் நகராது. உக்ரைனின் கீவ், ஜெர்மனியின் போகும் (Bochum) ஆகிய நகரங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2010-இல் வெளியிட்ட விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. மைனஸ் 150 டிகிரியை ஒட்டி மார்ட்டென்சைட் மாற்றம் மெதுவாக, நேரம் எடுத்துக்கொண்டு நடக்கிறது. புதிதாகப் பிறக்கும் மார்ட்டென்சைட் நெரிபட்டுச் சற்றே உருக்குலைகிறது. படிகத்துக்குள் நகரும் பிசகல்கள் (அணு வரிசையில் உள்ள கோணல்கள்), நின்ற இடத்தில் நிற்கும் கார்பன் அணுக்களைப் போகிற போக்கில் சேர்த்துக்கொள்கின்றன. கார்பன் நடப்பதில்லை, பிசகல்கள் அதைத் தூக்கிப் போகின்றன. அப்புறம் டெம்பர் சூட்டில் அந்தக் கொத்துகளைச் சுற்றிக் கார்பைடு படிகிறது. குளிர் விதைக்கிறது, டெம்பர்தான் முளைக்க வைக்கிறது. குளிருக்குப் பின் டெம்பர் ஏன் கட்டாயம் என்பதும் இதில் விளங்கிவிடும்.

நடுவில் ஒன்று. 1982-இல் அமெரிக்காவில் பாரன் என்பவர் பல வகை உலோகங்களில் செய்த ஒப்பீட்டில், ஐந்து கருவி எஃகுகள் மைனஸ் 84 டிகிரியில் 1.2-லிருந்து 2 மடங்கும், மைனஸ் 196-இல் 2-லிருந்து 6.6 மடங்கும் தேய்மானம் தாங்கின. சாதாரணக் கார்பன் எஃகுக்கும் வார்ப்பிரும்புக்கும் ஒன்றும் ஆகவில்லை. பிரேக் டிஸ்க் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அதைக் குளிரில் போட்டுத் தருகிறேன் என்று யாராவது வந்தால் முதலில் சோதனை அறிக்கையைக் கேளுங்கள்.

மறு பக்கம்

இவ்வளவோடு நின்றிருந்தால் ஆழ்குளிரே வெற்றி என்று எழுதி முடித்திருப்பேன். கிண்டிக் குழு நிற்கவில்லை, அதற்காகவே இந்த வேலையை நான் மதிக்கிறேன். அதே எஃகு, அதே மூன்று கூட்டம். இழுத்தும் பார்த்தார்கள், அயர வைத்தும் பார்த்தார்கள்.

2007-இல் வந்த இழுவலிமை முடிவு: மேலோட்டக் குளிரில் 1.5 சதவீதம் குறைவு, ஆழ்குளிரில் 9.34 சதவீதம் குறைவு. முதலாவதைச் சோதனையின் ஏற்ற இறக்கம் என்று தள்ளிவிடலாம். இரண்டாவதைத் தள்ள முடியாது.

2009-இல் வந்தது அயர்வு. மேலோட்டக் குளிர் கொடுத்த துண்டுகளின் ஆயுள் வழக்கமானதைவிட 71 சதவீதம் கூடியது. ஆழ்குளிர் கொடுத்தவற்றின் ஆயுள் 26 சதவீதம் குறைந்தது.

தேய்மானத்தில் முதலாவதாக வந்தவர் அயர்வில் கடைசி. அதுவும் எதுவும் செய்யாமல் விட்ட கூட்டத்துக்கும் பின்னால்.

ஏன்? இடையில் 2008-இல் எச்ச அழுத்தத்தை, அதாவது வெளிப்பளு இல்லாமலே எஃகுக்குள் தங்கிநிற்கும் அழுத்தத்தை, அளந்து ஒரு ஆய்வு போட்டிருந்தார்கள். கியர் தோல் அமுக்கப்பட்ட நிலையில் இருந்தால் விரிசல் வாயைத் திறக்கச் சிரமப்படும். கார்பரைசிங்கின் பெரிய நன்மையே அதுதான். குவென்ச்சும் குளிரும் முடிந்து டெம்பருக்கு முன், தோலில் அமுக்க அழுத்தம் வழக்கமான கூட்டத்தில் 125 மெகாபாஸ்கல், மேலோட்டக் குளிரில் 115, ஆழ்குளிரில் 235. எதிர்பார்த்த மாதிரிதான்: ஆழ்குளிரில் நிறைய ஆஸ்டெனைட் மாறிப் பருமன் கூடியது, விரிய இடமில்லாமல் தோல் தன்னைத்தானே அமுக்கிக்கொண்டது. ஆனால் டெம்பர் செய்து எடுத்ததும் கணக்கு தலைகீழ். வழக்கமான கூட்டம் 150-க்கு ஏறியது. மேலோட்டம் 80, ஆழ்குளிரும் 80. ஒரு டெம்பரில் 235 எங்கோ போய் 80 மட்டும் நிற்கிறது. நுண் கார்பைடுகள் நிறையப் படியும்போது மார்ட்டென்சைட்டின் நெரிசல் தளர்ந்து பருமன் குறையும். அந்தச் சுருக்கம்தான் அமுக்கத்தைத் தின்றிருக்க வேண்டும் என்பது என் ஊகம். தேய்மானத்தைத் தடுத்த அதே கார்பைடுதான் இங்கே கைவிட்டிருக்கிறது.

ஆழ்குளிர்த் துண்டுகள் ஏன் சீக்கிரம் அயர்ந்தன என்பதற்கு இது பாதிப் பதில். பாதி என்று சொல்வதற்குக் காரணம், மேலோட்டக் குளிரிலும் அதே 80-தான் இருக்கிறது. அங்கேயோ ஆயுள் 71 சதவீதம் ஏறியிருக்கிறது. எச்ச அழுத்தம் ஒன்றை மட்டும் வைத்து இரண்டையும் விளக்க முடியாது. மிச்சம் நின்ற ஆஸ்டெனைட்டைத்தான் நான் பார்ப்பேன். மேலோட்டக் குளிரில் 22 சதவீதம் இருக்கிறது. விரிசல் நுனியில் பளு குவியும்போது அந்த மென்மையான ஆஸ்டெனைட் அங்கேயே மாறிப் பருத்து, விரிசலைச் சுற்றி உள்ளூர் அமுக்கம் கொடுக்கும் என்பது கியர் உலகில் பழைய வாதம். ஆழ்குளிரில் அந்த இருப்பு 14-ஆகக் குறைந்துவிட்டது, கூடவே தோல் இன்னும் கடினமாகி விட்டுக்கொடுக்காமல் நிற்கிறது. அப்படியானால் வழக்கமான கூட்டத்தில் 28 சதவீதம் இருந்துமா பின்தங்கியது என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நடுவில் எங்கோ ஒரு நல்ல இடம் இருக்கிறது என்பதைத் தாண்டி இந்த எண்கள் பேசுவதில்லை.

பட்டறைக்குக் கொண்டுவந்தால்

இதெல்லாம் ஆய்வுக்கூடத் துண்டுகள். முள்ளும் தட்டும் உலர்வாக உரசியது. கிரவுனும் பினியனும் எண்ணெயில் ஓடுகின்றன. அயர்வுத் துண்டுக்கு நல்ல வழவழப்பான உடல். பினியன் பல்லின் அடியிலோ கட்டர் விட்டுப்போன கோடுகள், கூர்மையான வளைவு, சமயத்தில் கிரைண்டிங் சூட்டில் வெந்துபோன தோல். அதனால் 372-ஐயும் 71-ஐயும் அப்படியே வண்டியின் கிலோமீட்டராக மாற்ற முடியாது. எது ஏறுகிறது, எது இறங்குகிறது என்ற திசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

கியருக்குக் குளிர் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், முதலில் பழைய செட்டைக் கொண்டுவரச் சொல்வேன். பல்லின் பக்கம் வழித்தெடுத்த மாதிரி தேய்ந்திருக்கிறதா, முகத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி விழுந்திருக்கிறதா, இல்லை பல் அடியோடு முறிந்திருக்கிறதா? முறிந்திருந்தால் அந்த முறிவு முகத்தில் கடற்கரையில் அலை விட்டுப்போன தடம் போல வளைகோடுகள் இருக்கின்றனவா? இருந்தால் அது அயர்வு. அந்த இடத்துக்கு மைனஸ் 196 கேட்காதீர்கள். மைனஸ் 80-க்குக் கீழே போகவே தேவையில்லை, செலவும் குறைவு. தேய்மானம்தான் நோய் என்று தெரிந்தால் ஆழ்குளிர் பற்றிப் பேசலாம். கட்டிங் பஞ்ச், டை, டிரில் போன்றவை வேறு ஜாதி. அவற்றில் பெரும்பாலும் விளிம்பு மழுங்குவதுதான் சாவு, ஆழ்குளிர் அங்கே தாராளமாக உழைக்கும். அங்கேயும் பஞ்ச் விளிம்பு மழுங்காமல் சில்லுச் சில்லாகத் தெறித்தால் பிரச்சினை தேய்மானத்தில் இல்லை.

கடினத்தை அளக்கும் ராக்வெல் மீட்டரை வைத்துக் குளிர் ஏறியதா என்று பார்ப்பதில் பெரிய பயன் கிடையாது. ஒன்றிரண்டு புள்ளி ஏறலாம், சில சமயம் அதுவும் தெரியாது. துணைக் கார்பைடு படிந்த கதையை மீட்டரின் வைரமுனை சொல்லாது. எக்ஸ்ரே கதிர்ச் சிதறலில் எஞ்சிய ஆஸ்டெனைட் அளந்து தரச் சொல்லலாம். அதோடு வெப்பநிலை வரைபடத்தையும் கேட்க வேண்டும், வெறும் 'மைனஸ் 196 கொடுக்கப்பட்டது' என்ற முத்திரை போதாது. ஷிப்பூர்க்காரர்கள் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவான வேகத்தில் இறக்கி, அதே நிதானத்தில் ஏற்றினார்கள். நிமிடத்துக்கு முக்கால் டிகிரி என்று வைத்தால் அறை வெப்பநிலையிலிருந்து கீழே போகவே 5 மணி நேரம் ஆகும். வரைபடம் பத்து நிமிடத்தில் செங்குத்தாக விழுந்திருந்தால், துண்டை நேராகத் திரவத்தில் முக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டெம்பர் ஆகாத, தடித்த, மூலை கூர்மையான சரக்குக்கு அதைவிட நல்ல விரிசல் மருந்து கிடையாது.

திரவ நைட்ரஜனை வைத்து வேலை செய்கிற இடத்தில் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. நிறமோ வாசனையோ கிடையாது, சின்ன அறையில் ஆக்ஸிஜனைச் சத்தமில்லாமல் ஓரம் தள்ளிவிடும்.

ஆர்டர் சீட்டில் நான் எழுதச் சொல்வது இவ்வளவுதான்: ஈஎன் 353, கார்பரைசிங் ஆழம், குவென்ச் முடிந்து அதே நாளில் மைனஸ் 80, 5 மணி நேரம், அறை வெப்பநிலைக்குத் தானாக வந்ததும் 150-இல் டெம்பர். கூடவே அதே வார்ப்புத் தொகுதியில் அறுத்த இரண்டு சோதனைத் துண்டுகள் அந்தச் சரக்கோடு சேர்ந்தே எல்லா உலைக்கும் போய்வர வேண்டும். ஒன்றுக்கு ஆஸ்டெனைட் அளவு, இன்னொன்றை அறுத்துப் பார்க்க.